நாற்றம் அறியும் மென்படலம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் விராலிமலையை அடுத்த பகுதியில் ஆவூர் என்னும் சிற்றூர் உள்ளது. ‘ஆ’ என்னும் ஓரெழுத்து ஒருமொழி பசுவைக் குறிக்கும் என்பதை மாணவர் அறிவர். ஆவூர் போன்ற ஊர்களில் ஆவும் எருதும் குடும்பத்தின் செல்வங்களாகும். இரவு முழுவதும் மாடுகள் கட்டப்பெற்றிருந்த கொட்டிலினுள் விடியற்காலையில் நுழைவோர், மூக்கைத் துளைக்கும் காரநெடி ஒன்றை உணர்வர். மாட்டின் சிறுநீரில் யூரியா என்னும் பொருள் உண்டு. சாணத்திலும் மண்ணிலும் வாழும் நுண்ணுயிர்கள் தம்மிடமுள்ள ஒருவகை நொதியால் அதனைச் சிதைக்கின்றன. அப்பொழுது வெளிப்படும் வாயுவே அம்மோனியா. அக்காரநெடி அதனுடையதே.

ஒரு நைட்ரஜன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் கூடிய சேர்மம் அம்மோனியா. அது நிறமற்றது, காற்றினும் இலேசானது, நீரில் மிக எளிதாகக் கரைவது. காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் இணைத்து இதனை ஆக்கும் முறையை ஜெர்மானிய அறிஞர் ஹேபர் கண்டார். பாஷ் என்பார் அதனைப் பெருந்தொழிலாக வளர்த்தார். 1913ஆம் ஆண்டில் ஓப்பாவ் என்னுமிடத்தில் அத்தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. இன்று உழவர் வயலில் இடும் யூரியாவுக்கு அம்மோனியாவே மூலப்பொருள். பனிக்கட்டி ஆலைகளிலும், மீனைக் குளிரூட்டிக் காக்கும் கிடங்குகளிலும் வெப்பத்தை அகற்றும் பொருளாக அது பயன்படுகிறது.

இங்ஙனம் உலகுக்குச் சோறூட்டும் வாயு, அளவு மிகுந்தால் உயிருக்கு ஊறு செய்யும். கண்ணும் மூக்கும் தொண்டையும் நுரையீரலும் ஈரம் பொதிந்த உறுப்புகள். அவ்வீரத்தில் அம்மோனியா கரைந்து காரமாகி அவற்றை அரிக்கிறது. பத்து இலட்சம் பங்கு காற்றில் 25 பங்குக்கு மேற்படாத அம்மோனியாவே தொழிலாளர் நாள்தோறும் எட்டுமணி நேரம் பணிசெய்யத் தக்கது என அறிஞர் வரையறுத்துள்ளனர். அது 300 பங்கை எட்டினால் உயிருக்கே இடர் நேரும்.

இவ்விடர் வெறுங்கற்பனையன்று. சென்னைக்கு வடக்கே எண்ணூரில், கப்பலில் வரும் அம்மோனியாவை உரத்தொழிற்சாலைக்குக் கொண்டுசெல்லும் குழாய் ஒன்று கடலுக்கடியில் அமைந்திருந்தது. 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி அக்குழாயினின்று வாயு கசிந்தது. பெரியகுப்பம் முதலிய மீனவர் குடியிருப்புகளில் உறங்கிக்கொண்டிருந்தோர் நெடி தாங்காது விழித்தெழுந்தனர். குழந்தைகளைத் தோளில் சுமந்துகொண்டு இருளிலே வீடுவிட்டு வெளியேறினர். மூச்சுத்திணறலும் கண்ணெரிச்சலும் உற்ற பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அன்று அம்மக்களுக்கு அபாயத்தை அறிவித்தது அவர்தம் மூக்கே.

உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறாகப் பகுத்த தொல்காப்பியர், மூக்கினால் அறியும் அறிவை மூன்றாவதாக வைத்தார். அரிய பொறியே எனினும், மூக்கைக் காவலனாக நம்பியிருத்தல் இயலாது. ஒரே நெடியில் நெடுநேரம் இருப்பின் மூக்கு அதற்குப் பழகி, உணர்ச்சி குன்றிவிடும். நெடி உண்டு என்று சொல்லுமேயன்றி, இத்தனை பங்கு என்று அளந்து சொல்லாது. மேலும், ஆளில்லாத இடங்களில் மூக்குக்கு வேலையே இல்லை. ஆகவே, சோர்வின்றி நாற்றம் அறியும் கருவி ஒன்றை மனிதன் தேடினான். அத்தேடலில் கிடைத்தவற்றுள் ஒன்றே பலபடி மென்படல உணரி.

சிறு மூலக்கூறுகள் பல, பூக்கள் மாலையாகத் தொடுக்கப்படுவதுபோல், ஒன்றோடொன்று இணைந்து உண்டாகும் நெடிய மூலக்கூறு பலபடி எனப்படும். நெகிழிப் பைகளும் நைலான் கயிறும் பலபடிகளே. இவை மின்சாரத்தைக் கடத்தா என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1977ஆம் ஆண்டில் ஹீகர், மெக்டயர்மிட், ஷிராகாவா என்னும் மூவரும் பாலிஅசெட்டிலீன் என்னும் பலபடியோடு அயோடினைச் சேர்த்து, அது நன்கு மின்கடத்துமாறு செய்தனர். இதன் பொருட்டு 2000ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபெல் பரிசு அம்மூவருக்கும் வழங்கப்பட்டது.

மின்கடத்தும் பலபடிகளுள் அம்மோனியாவை உணர்வதற்கு மிகவும் ஏற்றது பாலிஅனிலீன். இதன் சங்கிலியில் நைட்ரஜன் அணுக்கள் இடையிடையே அமைந்துள்ளன. அமிலத்தோடு சேரும்பொழுது, அமிலத்திலுள்ள புரோட்டான்கள் அந்நைட்ரஜன்களில் சென்று தங்குகின்றன. அதனால் சங்கிலி நெடுகிலும் மின்னூட்டம் இயங்க வழி பிறக்கிறது. இந்நிலையில் பாலிஅனிலீன் பச்சை நிறத்தோடு விளங்கும். மரகதத்தின் நிறம் நோக்கி இதற்கு மரகத உப்பு என்று பெயரிட்டனர்.

இனி, அம்மோனியா இப்படலத்தை அணுகும்பொழுது நிகழ்வதைக் காண்போம். அம்மோனியா புரோட்டானைக் கவர்வதில் பெருவிருப்பம் உடையது. பலபடியில் தங்கியிருந்த புரோட்டானைப் பறித்துத் தான் அம்மோனியம் அயனியாக மாறிவிடுகிறது. புரோட்டானை இழந்த சங்கிலியில் மின்னூட்டம் செல்லும் வழி அடைபடுகிறது, மின்தடை உயர்கிறது. அம்மோனியா மிகுதியாயின் பச்சைப்படலம் நீலமாகவும் மாறும். மின்தடை எவ்வளவு உயர்ந்தது என்பதை அளந்தால், காற்றில் அம்மோனியா எவ்வளவு உள்ளது என்பதைக் கணித்துவிடலாம். தூய காற்று வீசியவுடன் அம்மோனியம் அயனி சிதைந்து, புரோட்டானைப் பலபடிக்கே திருப்பியளித்து, அம்மோனியாவாக அகன்றுவிடும். படலம் பழைய நிலையை அடையும். மீண்டும் மீண்டும் பயன்படும்.

படலம் மெல்லியதாய் இருத்தல் ஏன்? தடித்த படலமாயின் வாயு உள்ளே ஊடுருவவும், பின்பு வெளியேறவும் நெடுநேரம் செல்லும். அபாயத்தைக் காலந்தாழ்த்து அறிவிக்கும் காவலனால் பயனில்லை அன்றோ? ஒரு மில்லிமீட்டரை ஆயிரங்கூறு செய்தால் ஒரு கூறு ஒரு மைக்ரோமீட்டர் ஆகும். பல படலங்கள் அதனினும் மெலியவை. அனிலீனும் அமிலமும் ஆக்சிஜனேற்றியும் கலந்த நீர்மத்தில் கண்ணாடித் தகட்டை அமிழ்த்தி வைத்தால், பச்சைப்படலம் அதன்மேல் தானே படியும். சுழலும் தகட்டின்மீது கரைசலைத் துளியாக விட்டுப் பரவச் செய்வதும் உண்டு. இரு சீப்புகளின் பற்களை ஒன்றினிடையே ஒன்றாகக் கோத்தாற்போன்ற உலோக மின்முனைகள் அத்தகட்டில் முன்னரே அமைந்திருக்கும். அவற்றின் வழியே சிறிதளவு மின்சாரத்தைச் செலுத்தி மின்தடையை அளப்பர்.

உலோக ஆக்சைடுகளாலும் வாயு உணரிகள் செய்யப்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை 200 முதல் 400 செல்சியசு பாகை வரை சூடாக்கினாலன்றித் தொழிற்படா. தஞ்சாவூர்ச் சாஸ்திரா பல்கலைக்கழகத்தில் துத்தநாக ஆக்சைடு மென்படலங்கள் அறை வெப்பநிலையிலேயே அம்மோனியாவை உணருமாறு செய்யும் ஆய்வுகள் நிகழ்ந்துள்ளன. பாலிஅனிலீனோ இயல்பாகவே அறை வெப்பநிலையில் தொழிற்படுவது. ஆதலின் மிகச் சிறிய மின்கலமே அதற்குப் போதும்.

இதன் பயன் ஆலைகளோடு நிற்பதன்று. நாமக்கல் போன்ற ஊர்களில் கோழிப்பண்ணைகள் மிகுதி. பண்ணையில் அம்மோனியா பெருகினால் கோழிகளின் கண்ணும் நுரையீரலும் நலிவுறும். மீன் கெடத் தொடங்கினால் அம்மோனியாவும் அதன் இனமான அமீன்களும் வெளிப்படும். சிறுநீரகம் பழுதுற்றோரின் மூச்சிலும் அம்மோனியா மிகும். இவற்றையெல்லாம் அறிய இவ்வுணரியைப் பயன்படுத்தும் ஆய்வுகள் பல நாடுகளிலும் நடைபெறுகின்றன.

எனினும், இக்கருவிக்கும் குறைகள் உண்டு. காற்றின் ஈரம் கூடினாலும் குறைந்தாலும் இதன் மின்தடை மாறும். ஆகவே, ஈரத்தையும் உடனளந்து கணக்கைத் திருத்தவேண்டும். அமீன் முதலிய பிற கார வாயுக்களையும் அம்மோனியாவெனக் கொண்டு ஏமாறுதல் கூடும். நாட்படப் படலம் தன் திறன் இழக்கும். அளவு தெரிந்த வாயுவைச் செலுத்தி அதனை அவ்வப்பொழுது சோதித்தல் இன்றியமையாதது.

உணரி அபாயத்தை அறியும், கசிவை அடைக்காது. அது மணியொலித்த கணத்தில் குழாயின் அடைப்பிதழ் மூடப்படவேண்டும். ஊரார்க்குச் செய்தி செல்லவேண்டும். காற்று எத்திசையினின்று வருகிறது என்று நோக்கி, வாயுவின் போக்கினின்று விலகிச் செல்ல மக்கள் முன்னரே பயின்றிருக்கவேண்டும். மென்படலம் தன் கடமையைச் சில நொடிகளில் செய்துவிடும். எஞ்சிய கடமை மனிதருடையது. ஆலைக்கருகே துயில்வோரின் உயிர் அவ்விரண்டையும் பொறுத்தது.