பெங்களூர்க் கோட்டையை உடைத்த நிலப்பிரபு

பெங்களூர் சிட்டி மார்க்கெட்டில் பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள் பக்கத்திலிருக்கும் கோட்டையை நிமிர்ந்து பார்ப்பது அபூர்வம். ஹைதர் அலி கல்லால் கட்டிய அந்தப் பெரிய கோட்டையில் மிஞ்சியிருப்பது டில்லி வாசலும் அதையொட்டிய கொஞ்சம் சுவரும்தான். 1791 மார்ச் 21-ல் பிரிட்டிஷ் படை சுவரை உடைத்துப் புகுந்த இடம் இது என்கிறது அங்குள்ள கல்வெட்டு. கோட்டைத் தளபதி பகதூர் கான் அன்றிரவு சண்டையிலேயே மடிந்தார்.

தாக்கியவர் கார்ன்வாலிஸ் பிரபு. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் பரம்பரை நிலங்கள் உள்ள குடும்பம். அங்கே 'ஐ' என்ற சிற்றூரின் பார்லிமெண்ட் தொகுதி ஏறக்குறைய அவர்கள் வீட்டுச் சொத்து. 1760-ல், 21 வயதில், அதன் வழியாகத்தான் அவர் அரசியலுக்குள் நுழைந்தார். இரண்டே வருடத்தில் தந்தை இறக்க, பிரபுக்கள் சபை. அமெரிக்கக் குடியேற்றங்கள் மீது பார்லிமெண்டுக்கு முழு அதிகாரம் உண்டு என்ற 1766 மசோதாவை அந்தச் சபையில் எதிர்த்து வாக்களித்தவர்கள் ஐந்தே பேர். அவர்களில் இவரும் ஒருவர். பிறகு அதே அமெரிக்கர்களை அடக்கப் போய், 1781-ல் யார்க்டவுனில் சரணடைந்தார். வேறொருவராக இருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். இவருக்கு 1786-ல் கவர்னர் ஜெனரல் பதவி கிடைத்தது.

பெங்களூரைப் பிடித்த கையோடு ஸ்ரீரங்கப்பட்டணம் போன படை, தீவனமின்றி மாடுகள் செத்து விழ, பெரிய பீரங்கிகளை உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பியது. அடுத்த வருடம்தான் திப்பு பணிந்தார்: பாதி ராஜ்யம், 3 கோடியே 30 லட்சம் ரூபாய், பிணையாக இரண்டு சிறுவர்கள், அதாவது அவருடைய பிள்ளைகள். சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனிக்குக் கைமாறியது அப்போதுதான்.

ஆனால் சண்டையைவிட ஆழமாகப் பாய்ந்தது 1793-ல் வங்காளத்தில் அவர் கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டம். ஜமீன்தார்களை நிலச் சொந்தக்காரர்களாக்கி, வரியை என்றைக்குமாக நிர்ணயித்தார். சொத்து தன்னுடையது என்றானால் பிரபு நிலத்தைப் பேணுவான் என்ற நம்பிக்கை அது, சஃபோக்கில் விளைந்தது. வங்காளத்திலோ குறித்த நாளில் சூரியன் மறைவதற்குள் வரி கட்டாத ஜமீன் ஏலத்துக்குப் போனது. பல தலைமுறைகளாக உழுதவர் வெறும் குத்தகைக்காரரானார். உயர் பதவிகளில் இந்தியர்களுக்கு இடமில்லை என்றாக்கியதும் இவரே. 1802 முதல் இந்த ஜமீன் முறை சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ராமநாதபுரம், சிவகங்கைப் பாளையங்கள் ஜமீன்களாயின. பாராமகாலில் மட்டும் அலெக்ஸாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் உழவரிடமே நேராக வரி வாங்கிப் பார்த்தார்கள். ரயத்துவாரி முறை வேர்விட்டது அங்கேதான். சென்னை மாகாணத்து ஜமீன்களை ஒழிக்க 1948 சட்டம் வரவேண்டியிருந்தது.

1805-ல் இரண்டாம் முறை கவர்னர் ஜெனரலாக வந்த கார்ன்வாலிஸ், சில மாதங்களில் காஜிப்பூரில் இறந்தார். கல்லறையும் அங்கேயே. சென்னையின் செனடாப் ரோடு, அவருக்காக எழுப்பிய நினைவு மண்டபத்தால் பெயர் பெற்றது. மண்டபம் பின்னர் இடம் மாறிவிட்டது. சிலை கோட்டை மியூசியத்தில் இருக்கிறது. அதன் பீடத்தில் திப்புவின் பிள்ளைகள் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள்.