படுத்தால் கூடும் முதுகுவலி: கணையப் புற்றுநோயை அடையாளம் காண்போம்

வெம்பாக்கம், ஆரணி வட்டாரத்தில் பட்டு நெய்பவர்களுக்கு முதுகுவலி புதிதல்ல. ஆனால் தறி வேலையால் வரும் வலி, பெரும்பாலும் படுத்தால் குறையும். படுத்தால் கூடி, முன்னால் குனிந்தால் தணிகிற வலி வேறு. தறியில் குனிந்திருக்கும் நேரத்தில் அது அடங்கியிருக்கலாம். அதனாலேயே கவனம் தேவை.

வலி ஏன் முதுகுக்குப் போகிறது?

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அதன் அருகே பெரிய நரம்புப் பின்னல் உண்டு. கணையப் புற்று பெரும்பாலானவர்களிடம் நரம்புகளுக்குள் புகுந்து, அவற்றின் வழியே பரவுகிறது. நரம்புகளும் புற்றுக்குத் தீனி போடுகின்றன: பட்டினி கிடக்கும் புற்றுசெல்களுக்கு அவை செரின் என்ற அமினோ அமிலத்தைத் தருவதை 2020இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். 2025இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் ஆய்வாளர்கள், எலிகளில் நரம்புத் தொடர்பை அறுத்து கீமோ மருந்தும் கொடுத்தபோது கட்டி வெகுவாகச் சுருங்கியது. மனிதர்களுக்கு இது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

எப்போது மருத்துவமனைக்குப் போகவேண்டும்?

மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் வலி, காரணமில்லாத எடைக்குறைவு, 50 வயதுக்கு மேல் திடீரெனத் தலைகாட்டும் சர்க்கரை நோய், எண்ணெய்ப் பசையுள்ள வெளிறிய மலம். வலியே இல்லாமலும் மஞ்சள் காமாலை வரலாம். கீழாநெல்லி குடித்துக்கொண்டு வாரங்களைக் கடத்தாதீர்கள். ஸ்கேன் அவசியம். கட்டி பரவுமுன் கண்டால்தான் அறுவைசிகிச்சை கைகொடுக்கும். புகையிலையை விடுவது ஆபத்தைக் குறைக்கும்.

வலிக்கும் வழி உண்டு

அந்த நரம்புப் பின்னலில் ஊசி மூலம் ஆல்கஹால் செலுத்தி வலியைத் தணிக்கலாம். மார்பின் மருந்தும் உண்டு. நோயாளிகளுக்கு அது எளிதாகக் கிடைக்கவே 2014இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டது. பழக்கமாகிவிடுமோ என்று பயந்து அதை மறுக்காதீர்கள். மருத்துவர் சொல்லும் அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உரிமைகள்

பக்கத்தில் காஞ்சிபுரம் காரப்பேட்டையிலேயே அரசு அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தருவது மருத்துவர்களின் கடமை. அவற்றைக் கொண்டு இன்னொரு மருத்துவரிடமும் கருத்துக் கேட்கலாம். படுக்கையில் கிடப்பவருக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலிநிவாரணப் பராமரிப்பு தருகிறார்கள். விவரங்களுக்கு 104 எண்ணை அழையுங்கள்.

இரவில் படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்குகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.