வீதியில் இடனறிதல்

'இடம்' என்னும் சொல்லுக்குத் தமிழிலே பொருள் பல. வலத்திற்கு மறுதலையான பக்கத்தை அது குறிக்கும். ஒன்று நிற்றற்குரிய தானத்தையும் குறிக்கும். வீதியிலே துவிச்சக்கர வண்டி செலுத்துவோருக்கு நாம் வழங்கிவரும் அறிவுரையோ முதற்பொருளோடு நின்றுவிடுகின்றது. "இடப்பக்கமாகப் போ" என்கின்றோம். அதனோடு அமையாது, "கரையாலே போ" என்றும் சொல்லுகின்றோம். இரண்டும் ஒன்றே என யானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். மாணாக்கருக்கும் அவ்வாறே சொல்லிவந்தேன். அவை ஒன்றல்ல என்பதனை எனக்கு உணர்த்தியவன் என் மாணாக்கன் ஒருவனே.

பாலபண்டித வகுப்பிற் பயின்றுகொண்டிருந்த அவ்விளைஞன் விடுமுறையொன்றிற் கொழும்புக்குச் சென்றிருந்தான். ஊரிலே நாள்தோறும் சைக்கிளில் வருபவனாதலின், அங்கும் உறவினர் ஒருவருடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டான். ஒரே திசையில் இரண்டு மூன்று நிரையாக வாகனங்கள் ஓடும் பெருவீதி அது. ஆசிரியர் சொற்படி கரையை ஒட்டியே சென்றான். பஸ் வண்டியொன்று ஒரு சாண் இடைவெளியில் அவனை முந்திச் சென்றது. ஒதுங்க முயன்றான், ஒதுங்குதற்கு ஆங்கு இடமில்லை. முன்சில்லு வீதியோரக் கல்லில் உராய்ந்தது, விழுந்தான், இடக்கை முறிந்தது. ஊருக்கு மீண்டபின் யான் பார்க்கச் சென்றபோது, கட்டிட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "ஐயா, நான் கரையாலேதானே போனனான்?" என்று கேட்டான். அக்கேள்வியிலே குறைகூறல் இல்லை. அறியும் விருப்பமே இருந்தது. எனக்கோ அப்போது விடை தெரியவில்லை. பின்னர் நூல்களைத் தேடியும் வீதியை நோக்கியும் அறிந்துகொண்டவற்றை ஈண்டுத் தருகின்றேன்.

ஒழுங்கையின் அகலம்

ஒழுங்கை என்றவுடன் யாழ்ப்பாணத்தார்க்கு நினைவில் வருவது இருமருங்கும் வேலி அடைத்த சிறுவழி. எதிரே ஒருவர் வந்தால் வேலியோடு ஒதுங்கி வழிவிடுதல் ஆங்கு மரியாதை. இக்காலத்திலே பெருவீதியை வெள்ளைக் கோடுகளாற் பகுத்த நிரல்களுக்கும் அப்பெயரே வழங்குகின்றது. பெயர் ஒன்றானமையாற் பழக்கத்தையும் ஒன்றாக்கிவிட்டோம். வேலியோடு ஒதுங்குமாறு போலப் பெருவீதியின் கரையோடும் ஒதுங்குகின்றோம். வேலி ஒழுங்கையில் எதிர்ப்படுபவர் மெல்ல வருபவர். நம் முகம் பார்த்து வருபவர். பெருவீதியிலோ நம் முதுகை நோக்கி விரைந்து வருவது ஓர் இயந்திரம்.

இனி அளவினை நோக்குவோம். பெருவீதியின் ஓர் ஒழுங்கை 3.5 மீற்றர் அகலமுடையதெனக் கொள்க. சைக்கிளின் சில்லு கரையிலிருந்து அரை மீற்றர் தள்ளி உருளுமாயின், கைபிடியின் வலநுனி கரையிலிருந்து ஏறக்குறைய 0.8 மீற்றரில் இருக்கும். முந்திச் செல்லும் வாகனம் 1.5 மீற்றர் இடைவெளி விடுதல் வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்து 2.3 மீற்றர். பஸ் வண்டியின் அகலம் ஏறக்குறைய 2.5 மீற்றர், கூட்டினால் 4.8 ஆகும். காரின் அகலம் 1.8 எனின் 4.1 ஆகும். முச்சக்கர வண்டியோ 1.3 மீற்றரே அகலமுடையது. அதனைக் கூட்டினாலும் 3.6 வருகின்றது. ஆகவே, சைக்கிளும் அதனை முந்தும் வாகனமும் ஏமமாக ஓர் ஒழுங்கைக்குள் ஒருங்கு அடங்கா என்பது வெளிப்படை. முந்த விரும்புபவர் அடுத்த ஒழுங்கைக்கு மாறியே ஆகவேண்டும்.

கரையை ஒட்டிச் செல்பவன் தன்னை அறியாமலே இவ்வுண்மையை மறைத்துவிடுகின்றான். பின்னால் வரும் சாரதிக்கு ஒழுங்கை வெறுமையாகத் தோன்றுகின்றது. மாறவேண்டியதில்லை, நெருக்கிப் போய்விடலாம் என்று அவர் துணிகின்றார். என் மாணாக்கனுக்கு நேர்ந்தது இதுவே. அவன் ஒதுங்கிய ஒதுக்கமே பஸ் சாரதிக்கு அழைப்பாயிற்று.

கரையின் கேடுகள்

கரைக்கு வேறு கேடுகளும் உள. மணலும் கண்ணாடித் துண்டுகளும் வந்து சேர்வது அங்கே. வடிகான் மூடிகள் இருப்பது அங்கே. தார் உடைந்து பள்ளமாவது அங்கே. அவற்றைக் கண்டு ஒருவன் திடீரென வலப்பக்கம் விலகுவானாயின், பின்னால் வருபவருக்கு அவ்விலகலை முன்னறிய வழியில்லை. வண்டியோட்டி நோக்குவது தன் வண்டி செல்லப்போகும் வழியையே ஆதலின், அவ்வழியின் புறத்தே நிற்பது கண்ணிற் பட்டும் கருத்திற் படாது போதல் உண்டு.

இன்னுமொன்று நுட்பமானது. சைக்கிள் வலப்பக்கம் திரும்புதற்கு முதலில் வலப்பக்கம் சாய்தல் வேண்டும். அங்ஙனம் சாய்தற்கு, ஓட்டுபவன் தானறியாமலே முன்சில்லை ஒரு கணம் இடப்பக்கம் திருப்புகின்றான். ஆகாயவிமானத்தை 1903ஆம் ஆண்டிற் பறக்கவிட்ட ரைட் சகோதரர் அமெரிக்காவின் டேற்றன் நகரிலே சைக்கிள் தொழில் நடத்தியவர். அவருள் வில்பர் ரைட் இதனை ஆராய்ந்து, சைக்கிள் ஓட்டுவோர் பலரை வினவியும் தாம் திரும்பும் முறையை முற்றும் சரியாகச் சொன்னார் ஒருவரையும் காணவில்லை என்று எழுதிவைத்தார். கரையோரக் கல்லுக்கு அண்மையிற் செல்பவனுக்கு அந்தச் சிறு இடத்திருப்பத்துக்கும் இடமில்லை. கரையை விட்டு விலக விரும்பினும் அவனால் இயலாது. 'நான் கரையாலேதானே போனனான்' என்பதற்குரிய விடையின் ஒரு பாதி இது.

இரு நிலைகள்

மற்றைப் பாதி, நிற்கவேண்டிய இடம் யாது என்பது. ஆங்கிலேயராகிய ஜோன் பிராங்கிளின் என்பார் 1988இல் வெளியான 'சைக்கிள்கிராஃப்ட்' என்னும் நூலிலே இரு நிலைகளை வகுத்தார். ஒன்று முதனிலை, ஓடும் ஒழுங்கையின் நடுவே செல்வது. மற்றையது இரண்டாம் நிலை. ஓடும் வாகனங்களின் தடத்துக்கு ஏறக்குறைய ஒரு மீற்றர் இடப்பக்கமாக, ஆயினும் வீதி விளிம்பிலிருந்து அரை மீற்றருக்குக் குறையாது செல்வது. விளிம்போடு ஒட்டிச் செல்லும் மூன்றாம் நிலை ஒன்று அவர் வகுப்பில் இல்லை.

பிரித்தானியாவில் 1931இல் முதன்முதலாக வெளியிடப்பட்ட வீதி விதிக்கோவை, 2022 தை 29ஆந் திகதி தொடக்கம் திருத்தம் பெற்றபோது இக்கருத்தை ஏற்றுக்கொண்டது. அமைதியான வீதிகளிலும், வாகனங்கள் மெல்லச் செல்லுமிடத்தும், சந்தியையோ வீதி ஒடுங்குமிடத்தையோ அணுகும்போதும் ஒழுங்கையின் நடுவே செல்க என்பது அதன் அறிவுரை. வாகனங்கள் தம்மினும் விரைந்து செல்லும் நெரிசல் வீதியில், ஏமமான இடத்து முந்தவிட்டு, விளிம்பிலிருந்து அரை மீற்றரேனும் தள்ளிச் செல்க என்றும் அது கூறும். மணிக்கு 30 மைல், அஃதாவது ஏறக்குறைய 48 கிலோமீற்றர் வரையான வேகத்தில் முந்துவோர் 1.5 மீற்றர் இடைவெளி விடுக. வேகம் மிகின் இடைவெளியும் மிகுக என்பதும் அதிலுள்ளது. அது நம் நாட்டுச் சட்டமன்று. எனினும் ஆங்கும் ஈங்கும் வாகனங்கள் இடப்பக்கமே செல்வன. ஆதலின் வலம் இடம் மாற்றாமலே நாம் கற்றுக்கொள்ளலாம். ஒழுங்கையின் நடுவே செல்பவனும் வீதியின் இடப்பக்கத்திலேயே செல்கின்றான் என்பதை மறத்தலாகாது. இடப்பக்கம் வேறு; கரை வேறு.

வலி, காலம், இடம்

திருக்குறளிலே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்கள் மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. அரசனை நோக்கிச் சொல்லப்பட்ட அவ்வொழுங்கு சைக்கிள் ஓட்டுபவனுக்கும் பொருந்துவதே.

வலியறிதலாவது தன் வேகத்தையும் பிறர் வேகத்தையும் எண்ணிப் பார்த்தல். சைக்கிள் மணிக்கு 15 கிலோமீற்றர் செல்ல, பின்னால் வரும் கார் 48 கிலோமீற்றர் வேகத்தில் வருமாயின், 100 மீற்றருக்கு அப்பாலிருந்து கண்ட சாரதிக்கு அதனை அடைய ஏறக்குறைய 11 செக்கன் உண்டு. கார் 80 கிலோமீற்றர் வேகத்தில் வருமாயின் ஐந்தரைச் செக்கனே உண்டு. முன்னதிலே ஒழுங்கை மாறுதற்குப் போதிய அவகாசமுண்டு. பின்னதில் அது சுருங்கிவிடுகின்றது. ஆகவே முதனிலை நகரத்து வீதிக்கு ஏற்றது. மிகு வேக வீதிக்கு ஏற்றதன்று. அத்தகைய வீதியைத் தவிர்த்து வேறு வழி தேடுதலே அறிவு. நம் நாட்டின் அதிவேக நெடுஞ்சாலைகளிலோ சைக்கிளுக்கு அனுமதியே இல்லை.

காலமறிதலாவது நிலை மாறவேண்டிய வேளையை முன்னரே உணர்தல். நடுவே வருபவன் திடீரென வருதலாகாது. முதலிற் பின்னோக்குக, பின் கைகாட்டுக, பின்னால் வருபவர் வேகம் தணித்தமை கண்டபின் நகர்க. வலப்பக்கம் திரும்பவேண்டின், சந்திக்கு நெடுந்தூரம் முன்னரே தொடங்கி, ஒரு முறைக்கு ஓர் ஒழுங்கையாக மாறுக. ஒரே மூச்சில் வீதியைக் குறுக்கறுத்தல் பேதைமை. நெரிசல் மிகுந்தால் இறங்கி, பாதசாரிக் கடவையிலே சைக்கிளை உருட்டிச் செல்க. அதில் நாணுதற்கு ஒன்றுமில்லை.

இடனறிதல் சந்தியிலே மிக வேண்டப்படுவது. இடப்பக்கம் திரும்புதற்கென அம்புக்குறி இட்ட ஒழுங்கையில் நின்றுகொண்டு நேரே செல்ல முயல்பவனைத் திரும்பும் வாகனங்கள் வெட்டிச் செல்லும். நேரே செல்லும் அம்புக்குறி உள்ள ஒழுங்கையின் நடுவே நிற்பவனுக்கு அவ்வபாயம் குறைவு. நின்றுகொண்டிருக்கும் லொறிக்கும் பஸ்ஸுக்கும் இடப்பக்கத்தாலே நுழைந்து முன்னேறுதல் ஒருபோதும் ஆகாது. சாரதியின் கண்ணுக்கு எட்டாத பகுதி அது. வண்டி இடப்பக்கம் திரும்பின் உய்தியில்லை. பின்னே நின்று காத்தலே நன்று. வீதியோரத்தே நிறுத்திய கார்களைக் கடக்கும்போது ஒரு கதவின் அகலமாகிய ஒரு மீற்றரேனும் தள்ளி நேர்கோட்டிற் செல்க. இரு கார்களுக்கிடையே உள்ள வெளியிற் புகுந்து, மீண்டும் வெளிப்படுபவன் ஒவ்வொரு முறையும் பிறர் கண்ணுக்கு மறைந்து தோன்றுகின்றான்.

ஒரு தடை

"வழியை மறித்துச் செல்வது செருக்கன்றோ? பின்னால் வருபவர் சினவாரோ?" என்று சிலர் வினவுவர். சினப்பர், ஒலி எழுப்புவர், மெய்யே. ஆயினும் ஒலி எழுப்புபவர் நம்மைக் கண்டுவிட்டவர். கேடு விளைப்பது பெரும்பாலும் காணாதவராலும், கண்டும் இடைவெளியைத் தவறாகக் கணித்தவராலுமே. முதனிலை உரிமை நாட்டுதற்கு அன்று. முந்துதல் ஏமமற்ற இடத்தில் மட்டும் மேற்கொள்வது. அவ்விடம் கடந்தவுடன் இடப்பக்கம் நகர்ந்து வழிவிடுதல் பண்பு. வழிவிடும்போது கையசைத்து நன்றி காட்டுதல் இன்னும் சிறப்பு. இரவிலே விளக்கின்றி இவற்றுள் எதனையும் செய்ய முற்படலாகாது.

நிலையறிந்து செல்லும் திறமை ஒன்றே போதும் எனவும் யான் சொல்லமாட்டேன். நெதர்லாந்திலே 1971இல் ஏறக்குறைய 3,300 பேர் வீதி விபத்துகளில் மாண்டனர். அவருள் நானூற்றுக்கு மேற்பட்டோர் சிறுவர். பெற்றோர் வீதிக்கு இறங்கிப் போராடினர். பின்வந்த ஆண்டுகளில் அந்நாட்டார் சைக்கிளுக்கெனத் தனிவழிகளை நாடெங்கும் அமைத்தனர். பெருவீதியிற் பத்து வயதுச் சிறுமியை முதனிலையிற் செல் என்று யாரும் சொல்லத் துணியார். அவளுக்கு வேண்டுவது தனிவழியே. தனிவழி வரும்வரை, வளர்ந்தோர் தம்மைக் காத்துக்கொள்ளும் வித்தை நிலையறிதல்.

நமக்கு இது புறத்தாருடைய செய்தியன்று. 1990களிலே எரிபொருட்டடையால் யாழ்ப்பாணக் குடாநாடு சைக்கிளிலேயே வாழ்ந்தது. 2022இல் எரிபொருட்டட்டுப்பாடு வந்தபோது கொழும்பில் உத்தியோகத்தரும் சைக்கிளேறினர். ஊரிலே பழகிய நம் பிள்ளைகள் படிப்புக்கும் தொழிலுக்கும் தலைநகர் செல்கின்றனர். காலி வீதி போன்ற பல ஒழுங்கை வீதிகளில் ஊர்ப் பழக்கத்தோடு இறங்குகின்றனர். அவர்களுக்கு நாம் கொடுத்தனுப்பும் அறிவுரை பிழையாயின், அப்பிழையின் பயனை அவர்களே நுகர்வர்.

மாணாக்கனின் கை நேராகிவிட்டது. அவன் மீண்டும் சைக்கிளில் வருகின்றான். அவன் வினாவுக்குரிய விடையை வகுப்பிலே எல்லார் முன்னும் சொன்னேன். முன்னர்ச் சொன்னது பிழையென்றும் சொன்னேன். இப்போது மாலையில் மணியடித்துப் பிள்ளைகள் புறப்படும்போது, "கரையாலே போ" என்று யான் சொல்வதில்லை. "இடம் பார்த்துப் போ" என்றே சொல்லுகின்றேன்.