தரவுத்தளத்தைக் கட்டும் உரிமை யாருக்கு?

ஒரு நூலகத்தின் இணையதளத்தை எடுத்துக்கொள்வோம். உறுப்பினர்களுக்கு ஓர் அட்டவணை, நூல்களுக்கு ஓர் அட்டவணை, இரவலுக்கு மூன்றாவது. மூன்றாவதில் உறுப்பினர் எண்ணும் நூல் எண்ணும் தேதியும் இருந்தால் போதும்; பெயரும் முகவரியும் முதல் அட்டவணையிலேயே இருக்கும். கணினி அறிவியலாளர் எட்கர் காட் 1970இல் முன்வைத்த உறவுசார் தரவுத்தளம் இதுதான். இந்த அட்டவணைகளைக் கையால் அமைக்க வேண்டியதில்லை. சர்வரில் ஓடும் பி.எச்.பி. நிரலே மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளுக்குக் கட்டளையிட்டு உருவாக்கிவிடும். இதில் பெரிய ஆதாயம், அமைப்பு பற்றிய முடிவுகள் எழுத்தில் பதிவாவது. எழுத்துகளை எந்தக் குறியேற்ற முறையில் சேமிப்பது என்பதும் அத்தகைய முடிவே. முன்பு மைஎஸ்கியூஎல் தானாகத் தேர்ந்த முறையில் தமிழுக்கு இடமில்லை. கவனிக்காமல் உருவாக்கிய அட்டவணைகளில் தமிழ் வெறும் கேள்விக்குறிகளானது. 2018இல் வந்த 8.0 பதிப்பில்தான் தமிழை முழுமையாக ஏற்கும் 'யுடிஎஃப்8எம்பி4' இயல்பானது. (பழைய 'யுடிஎஃப்8' தமிழ் எழுத்துகளை ஏற்கும், 2019இல் யூனிகோடில் சேர்ந்த பழந்தமிழ்ப் பின்னக் குறிகளை ஏற்காது.)

ஆனால் ஒருமுறை செய்ய வேண்டிய இந்த வேலைக்கான அதிகாரத்தை, நாள் முழுக்கப் பொதுமக்களுக்குப் பதில் சொல்லும் நிரலிடம் விட்டுவைக்கக் கூடாது. உருவாக்கும் உரிமையோடு பெரும்பாலும் அழிக்கும் உரிமையையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். படிவத்தில் ஒருவர் விஷமமாகக் கட்டளையைத் தட்டச்சு செய்து, நிரல் ஏமாந்தால், அட்டவணையே போய்விடக்கூடும். மைஎஸ்கியூஎல்லில் இத்தகைய கட்டளைகளை 'ரோல்பேக்' செய்து பழைய நிலைக்குத் திருப்பவும் முடியாது. கட்டளையையும் உள்ளீட்டையும் பிரித்து அனுப்பும் முறை இருக்கும்போது ஏன் இந்தப் பயம் என்பார்கள். அந்த முறை மதிப்புகளைத்தான் காக்கும். அட்டவணையின் பெயரையோ தரவுத்தளத்தின் பெயரையோ அப்படி அனுப்ப வழியில்லை. கவசம் இல்லாத இடம் சரியாக இதுவே.

இணையதளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ், நிறுவும்போது தன் 12 அட்டவணைகளைத் தானே அமைக்கிறது. ஆனால் காலியான தரவுத்தளத்தை உரிமையாளர் முன்பே உருவாக்கித் தர வேண்டும். அன்றாட வேலைக்குப் படிக்க, சேர்க்க, திருத்த, நீக்க என நான்கு உரிமைகள் போதும் என்று அதன் பாதுகாப்புக் கையேடும் சொல்கிறது. புதுப் பதிப்பு வரும்போது அட்டவணை மாறுமே என்றால், அந்த நேரத்துக்கு மட்டும் உரிமையைக் கொடுத்துத் திரும்பப் பெறலாம். சிரமம்தான், ஆனால் எப்போதாவது வருவது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித் தரவுத்தளம் திறக்கும் நிறுவனங்களின் தேவை நியாயமானது. அவர்கள் அந்த வேலையைத் தனி நிரலாக, தனிக் கணக்கில் ஓட்டட்டும்; தரவுத்தளப் பெயரை வாடிக்கையாளர் தட்டச்சு செய்ததிலிருந்து எடுக்காமல் நிரலே எண்ணிட்டு வைக்கட்டும். உங்களுக்கு ஓர் இணையதளம் இருந்தால், அது எந்தக் கணக்கில் தரவுத்தளத்துக்குள் நுழைகிறது என்று கட்டித் தந்தவரிடம் கேளுங்கள். எல்லா உரிமைகளும் உள்ள 'ரூட்' என்று பதில் வந்தால், அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள்.