ஏற்கும் முன் அளத்தல்



ஸ்ரீபெரும்புதூர் என்றதும் முன்னாளில் நம் நினைவுக்கு வந்தது, இராமாநுசர் தோன்றிய தலம் என்பதே. இந்நாளில் அவ்வூரிலிருந்து ஒரகடம் வரை செல்வோர் காண்பது தொழிற்சாலைகளின் நீண்ட வரிசை. 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தார் கார் உற்பத்தியைத் தொடங்கினர். 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறக்கப்பெற்றது. இவற்றையொட்டி உதிரிப்பாகம் செய்யும் தொழிற்கூடங்கள் பல எழுந்தன. தொலைநாட்டு வணிகர் இக்கூடங்களைப் பெரும்பாலும் முதலில் அறிவது இணையதளத்தின் வாயிலாகத்தான். ஆதலின், தளம் வடிவமைக்கும் இளைஞர்க்கும் இங்கே வேலை உண்டு. அவர்களுள் மாதச் சம்பளத்திற்கு அமராது, தாமே வேலையை ஏற்று முடித்துத் தருவோரை ஃப்ரீலான்சர் என்பர்.

என் பழைய மாணவர் ஒருவர் அத்தகையவர். ஐந்தாறு பக்கங்கள் கொண்ட சிறு தளங்களைச் செய்து வந்தவருக்கு, உதிரிப்பாகத் தொழிற்கூடம் ஒன்றின் பழைய தளத்தை முற்றிலும் புதுப்பிக்கும் வேலை கிடைத்தது. "அறுபது பக்கம் இருக்கும்" என்றார் உரிமையாளர். மாணவரும் மகிழ்ச்சியில் வாய்மொழியாகவே ஒரு தொகையைக் கூறிவிட்டார். உள்ளே புகுந்து பார்த்தபோது, பொருள் ஒவ்வொன்றுக்கும் தனிப்பக்கமாக நானூறுக்கு மேல் இருந்தன. மூன்று மாதம் உழைத்தும் பாதி முடியவில்லை, பணமும் வரவில்லை. தாயாரின் வளையல் அடகுக்குப் போயிற்று. "ஐயா, நான் எங்கே தவறினேன்?" என்று கேட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

நான் கணிப்பொறி வல்லுநன் அல்லேன். கால அட்டவணை போட்டுப் பழகிய ஆசிரியன். ஆகவே அவரிடம் ஒரு கேள்விதான் கேட்டேன்: "உன்னிடம் வேலை கொடுத்தவர், தம் வாடிக்கையாளருக்கு எவ்வாறு விலை சொல்கிறார்?" அவர் சிறிது சிந்தித்து, "வரைபடம் பார்த்த பிறகுதான் சொல்வார்" என்றார். விடை அதிலேயே இருந்தது.

உதிரிப்பாகம் செய்வோர் வரைபடம் இன்றி விலை கூறார். அச்சுக்கருவிக்கான செலவைத் தனியே கணக்கிடுவர். முதலில் மாதிரி ஒன்று செய்து, அது ஒப்புக்கொள்ளப்பட்ட பின்னரே மொத்த உற்பத்தியில் இறங்குவர். வரைபடம் மாறினால் விலையும் மாறும். இம்முறையைத் தளம் அமைப்போரும் கைக்கொள்ளலாம்.

முதலாவது, எண்ணிக்கை. பழைய தளத்தின் பக்கம், படம், படிவம் யாவற்றையும் பட்டியலிட வேண்டும். அவ்வாறு பட்டியலிடுவதே ஒரு வேலை. அதற்கும் சிறு கூலி பெறுதல் முறையே. தமிழ்ப் பக்கங்கள் இருப்பின் கூடுதல் கவனம் வேண்டும். தமிழக அரசு 2010-இல் யூனிகோடு முறையை ஏற்றது. அதற்கு முற்பட்ட பல தளங்கள் தத்தமக்குரிய எழுத்துருக்களில் அமைந்தவை. அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அவை பொருளற்ற குறிகளாகத் தோன்றும். அவற்றைக் கருவி கொண்டு மாற்றிய பின்னரும், கண்ணால் படித்துப் பிழை திருத்த வேண்டியிருக்கும்.

இரண்டாவது, எழுத்து. எவை வேலையில் அடங்கும், எவை அடங்கா, விவரங்களை யார் எப்போது தருவார், திருத்தம் எத்தனை முறை என்பவற்றை எழுதி இருவரும் ஒப்பமிட வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்திற்கு அமராதவர் ஆக்கிய படைப்பின் உரிமை பொதுவாக ஆக்கியவரிடமே இருக்கும். எழுத்து மூலமாகவே அதனை மாற்றித் தர இயலும். ஆகவே, முழுத்தொகை கைக்கு வந்ததும் உரிமை மாறும் என்று எழுதிக்கொள்வது இரு சாரார்க்கும் நலம்.

மூன்றாவது, பகுதி பகுதியாகச் செய்தல். 2013-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீட்டிற்கென ஒரு பெருந்தளத்தை ஒரே நாளில் திறந்தது. போதிய சோதனை நடைபெறவில்லை. முதல் நாளில் அதன் வழியாகப் பதிவை முடித்தோர் அறுவர் மட்டுமே! பெரும்பொருள் படைத்த அரசுக்கே அந்நிலை என்றால், தனி ஒருவர் எம்மாத்திரம்? ஒரு பகுதியை முடித்து, ஒப்புதலும் அதற்குரிய தொகையும் பெற்று, அடுத்ததற்குச் செல்வதே தக்கது.

பழைய முகவரிகளையும் மறத்தலாகாது. வீடு மாறுவோர் அஞ்சலகத்தில் புதிய முகவரியைத் தெரிவிப்பதுபோல், ஒவ்வொரு பழைய பக்கத்திற்கும் அதன் புதிய இடத்தைக் குறித்து வைக்க வேண்டும். 301 என்னும் குறியீடு அதற்கென்றே உள்ளது. அஃதின்றேல், பல்லாண்டாக வந்துகொண்டிருந்த வணிகர் வெற்றுச்சுவரில் முட்டித் திரும்புவர்.

கூலி தாமதமாவது குறித்தும் ஒன்று கூறுவேன். 2006-ஆம் ஆண்டுச் சிறுதொழில் மேம்பாட்டுச் சட்டம், பதிவு பெற்ற குறு, சிறு தொழில் செய்வோர்க்குப் பொருளையோ பணியையோ ஏற்ற 45 நாள்களுக்குள் பணம் தரவேண்டும் என்கிறது. தவறின் வட்டியும் உண்டு. தனி ஒருவராகச் சேவைத் தொழில் செய்வோரும் இப்பதிவைப் பெறலாம்.

மாணவர் கதை என்னாயிற்று எனக் கேட்பீர்கள். பக்கங்களின் பட்டியலோடு அவர் உரிமையாளரிடம் மீண்டும் சென்றார். அவர் அதைப் புரட்டிப் பார்த்து, "தம்பி, இதை முதல் நாளே கொண்டு வந்திருக்கலாமே!" என்றாராம். இருவரும் வேலையை நான்கு பகுதியாக்கினர், விலையும் திருத்தப்பட்டது. முதற்பகுதிக் கூலியில் வளையல் வீடு திரும்பியது. இழந்த மூன்று மாதம் மட்டும் திரும்பவில்லை.

அகலக்கால் வையாதே என்பர் பெரியோர். இளைஞர்கள் பெரிய வேலைக்கு அஞ்சி ஒதுங்க வேண்டும் என்பது அதன் கருத்தன்று. காலை எடுத்து வைக்குமுன் பள்ளத்தின் அகலத்தை அளந்து பார்க்க வேண்டும் என்பதே அதன் கருத்து.