பஸ்ஸில் நாம எங்கே உட்கார்ந்திருப்போம்?

ஜனவரி மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் நினைவாக விடுமுறை. போன வருஷம் அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளியில் கொடுத்த கலரிங் ஷீட்டை நீட்டினாள். கோட் போட்ட கிங், முன்னால் மைக், தலைக்கு மேல் ஒரு மேகம். மேகத்துக்குள் கைகோத்து நிற்கும் பிள்ளைகள்.

"யாருடா கண்ணா இவரு?"

"இவருக்கு ஒரு ட்ரீம் இருந்துச்சுப்பா. எல்லார்கிட்டயும் சொன்னாரு. அப்புறம் எல்லாரும் ஃபிரெண்ட்ஸ் ஆயிட்டாங்க."

"அதுக்கப்புறம் அவர் என்ன ஆனார்?"

"தாத்தாவாகி செத்துப் போயிட்டாரு."

கிங் சாகும்போது வயசு 39. 1968 ஏப்ரல் 4 அன்று மெம்ஃபிஸ் நகரில், ஒரு மோட்டல் பால்கனியில் நின்றுகொண்டிருந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஏழு வயசுப் பிள்ளைகளிடம் துப்பாக்கியைப் பற்றிப் பேச வேண்டாம் என்று ஆசிரியை நினைத்திருக்கலாம். அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் "கனவு கண்டார், சொன்னார், எல்லாம் சரியாயிடுச்சு" என்ற கதைதான் எனக்கு இடித்தது. அந்தக் கனவுப் பேச்சு 1963 ஆகஸ்டில். மூணு வருஷம் கழித்து, 1966இல் காலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் 63 சதவீத அமெரிக்கர்கள் கிங் மீது தங்களுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை என்றார்கள். இன்று எல்லாரும் கொண்டாடும் மனுஷர், உயிரோடு இருந்தபோது பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பிடிக்காத மனுஷர்.

சரி, நாமே சொல்லிப் பார்ப்போம் என்று இறங்கினேன். முதல் முயற்சி படுதோல்வி. அடிமை முறை, உள்நாட்டுப் போர், ஜிம் க்ரோ சட்டங்கள் என்று ரெக்வயர்மென்ட் டாக்குமென்ட் வாசிப்பது மாதிரி ஆரம்பித்தேன் (தொழில் புத்தி!). நாலாவது நிமிஷம் ஐபேடைத் தேடிப் போய்விட்டாள்.

மறுநாள் அவள் வயசிலிருந்து தொடங்கினேன். கிங் பிறந்தது 1929இல், அட்லாண்டாவில். நாங்கள் இருக்கும் புறநகரிலிருந்து காரில் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரம்தான். சின்ன வயதில் அவருக்கு ஒரு வெள்ளைக்காரப் பையன் சிநேகிதன். எதிர்ப்பக்கத்தில் கடை வைத்திருந்தவரின் மகன். ஆறு வயசில் இரண்டு பேரும் பள்ளிக்குப் போனார்கள், ஆளுக்கொரு பள்ளி. கொஞ்ச நாளில், இனிமேல் உன்னோடு விளையாடக் கூடாதாம் என்று அந்தப் பையன் சொல்லிவிட்டான். அவன் அப்பா சொன்னாராம். வீட்டுக்கு வந்த கிங்குக்கு அன்றைக்குத்தான் அவர் அம்மா நிறத்தைப் பற்றியும் அடிமை முறையைப் பற்றியும் சொன்னார். நீ யாருக்கும் குறைந்தவன் இல்லை என்றும் சொன்னார்.

என் மகள் ஐபேடைத் தேடவில்லை.

பிறகு யோலண்டா கதை. கிங்கின் மூத்த மகள். அட்லாண்டாவில் ஃபன்டவுன் என்று ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. டிவி விளம்பரம் பார்த்துவிட்டு, அங்கே கூட்டிட்டுப் போப்பா என்று கேட்டாள். அங்கே கறுப்பினப் பிள்ளைகளை விட மாட்டார்கள். அதை ஆறு வயசு மகளிடம் சொல்ல நாக்கு எழாமல் நின்றதை, 1963இல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் கிங் குறிப்பிடுகிறார். ஊரையே கட்டிப்போடும் பேச்சாளர், மகளிடம் திக்கிய இடம் அது. அந்தக் கடிதத்தில் எத்தனையோ பெரிய வாதங்கள் இருக்கின்றன. ஒரு அப்பாவாக நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது இந்த இடத்தில்தான்.

"அப்புறம் அவ போனாளா இல்லையா?" என்றாள். போனாள். பூங்கா பின்னாளில் சத்தமில்லாமல் கதவைத் திறந்துவிட்டது, கிங்கே கூட்டிக்கொண்டு போனார்.

அடுத்து மான்ட்கோமரி பஸ். இதற்கு மட்டும் ஒரு பேப்பரில் படம் போட்டேன். மொத்தம் 36 சீட்டு. முன்னால் இருக்கும் 10 வெள்ளையர்களுக்கு. அவை காலியாகவே இருந்தாலும் கறுப்பினத்தவர் உட்காரக் கூடாது. பின்பகுதி கறுப்பினத்தவருக்கு. நடுவில் உட்காரலாம், ஆனால் வெள்ளையர் யாராவது நின்றால் எழுந்துவிட வேண்டும். ஒருத்தர் எழுந்தால் போதாது. ஒரே வரிசையில் இரண்டு நிறமும் உட்காரக் கூடாது என்பதால் அந்த வரிசையே எழ வேண்டும். 1955 டிசம்பர் 1 அன்று நின்றது ஒரே ஒரு வெள்ளைக்காரர். டிரைவர் எழச் சொன்னது நாலு பேரை. மூணு பேர் எழுந்தார்கள், ரோசா பார்க்ஸ் எழவில்லை.

"ஒரு ஆளுக்கு நாலு சீட்டா?" அவளுக்குக் கணக்கே உதைத்தது. சட்டத்தின் முட்டாள்தனம் அந்தக் கணக்கில் புரிந்த அளவுக்கு என் விளக்கம் எதிலும் புரியவில்லை.

இங்கே ஒன்று. 'வேலை முடிந்து களைத்துப்போன தையல்காரப் பாட்டி, கால் வலியால் எழவில்லை' என்ற கதையைக் குழந்தைகளுக்குத் தயவுசெய்து சொல்லாதீர்கள். அவருக்கு அப்போது 42 வயசு. கறுப்பினத்தவர் உரிமைக்கான என்ஏஏசிபி சங்கத்தின் உள்ளூர்க் கிளைச் செயலாளராக இருந்தவர். அந்தக் கோடையில்தான் டென்னசியில் ஒரு பயிற்சிப் பட்டறைக்கும் போய்வந்திருந்தார். அவருக்கு ஒன்பது மாதம் முன்பே க்ளாடெட் கோல்வின் என்ற பெண் அதே ஊர் பஸ்ஸில் எழ மறுத்துக் கைதானாள். அவளுக்கு வயசு 15. அதன் பிறகு 381 நாள் ஊரே பஸ் ஏறவில்லை. நடந்தார்கள், கார்களைப் பகிர்ந்துகொண்டார்கள். பஸ் கம்பெனிக்குப் பயணிகளில் முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர், வருமானம் படுத்தது. 26 வயசு கிங் அந்தப் போராட்டத்துக்குத் தலைமை ஏற்றார். அவர் வீட்டில் குண்டு வெடித்தபோது உள்ளே மனைவியும் கைக்குழந்தை யோலண்டாவும் இருந்தார்கள். ஆத்திரத்தோடு கூடிய ஜனங்களிடம், ஆயுதத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்றார்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, அப்ப நாம எங்க உக்காந்திருப்போம்?"

என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாள் டைம் கேட்டுவிட்டுத் தேடினேன். இந்தியர்கள் வெள்ளையர் இல்லை, அதனால் குடியுரிமை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில் சொல்லிவிட்டது. ஆக முன் சீட்டு நமக்கில்லை. ஆனால் பின் சீட்டுதான் என்றும் சொல்ல முடியவில்லை. 1940களின் தொடக்கத்தில் கமலாதேவி சட்டோபாத்யாய் தெற்கு மாநிலங்களில் ரயிலில் போனபோது, டிக்கெட் பரிசோதகர் அவரை வெள்ளையர் பெட்டியிலிருந்து எழச் சொன்னார். எந்த ஊர் என்றும் கேட்டார். 'இந்தியா' என்று சொல்லியிருந்தால் பிரச்சினை முடிந்திருக்கும். கமலாதேவி அதைச் சொல்லவில்லை. நான் நிறமுள்ள பெண்தான், எழப் போவதில்லை என்றார். கடைசியில் அவர் இந்தியர் என்று பரிசோதகரே ஊகித்துக்கொண்டு போய்விட்டார்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னேன். 1946 சட்டப்படி இந்தியாவுக்கு வருஷக் கோட்டா வெறும் 100 பேர். அந்தக் கதவை அகலத் திறந்தது 1965 குடியேற்றச் சட்டம். கறுப்பினத்தவர் தெருவில் அடிவாங்கி வென்ற சட்டங்களின் அலையில் வந்தது அது. நான் விசா வாங்கியதும், இவள் இங்கே பிறந்ததும் அந்த வரிசையில் வருகிறது.

இத்தோடு நிறுத்தியிருந்தால் எனக்கு வசதி. ஆனால் 1959இல் கிங் இந்தியாவுக்கு வந்ததையும் சொல்லித் தொலைத்தேன். திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகள் படித்த பள்ளிக்கு அவர் போனபோது, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டப்படாதவர் என்று தலைமையாசிரியர் அறிமுகப்படுத்தினாராம். முதலில் சுருக்கென்றது, யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான் என்று பட்டது என 1965இல் ஒரு பிரசங்கத்தில் கிங் சொல்கிறார்.

"தீண்டப்படாதவர்னா?"

எங்கள் ஊர் டீக்கடையைப் பற்றிச் சொன்னேன். உள்ளே பெஞ்சில் உட்காருகிறவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். வெளியே நிற்கிறவர்களுக்குக் கம்பியில் மாட்டிய அலுமினிய டம்ளர், குடித்ததும் அவர்களே கழுவி மாட்ட வேண்டும்.

"நீ எதுலப்பா குடிச்ச?"

"கிளாஸ்ல."

"அது தப்புன்னு நீ சொல்லலையா?"

"சொல்லலடா."

"அப்ப உனக்கு எத்தனை வயசு?"

பன்னிரண்டு, பதிமூணு இருக்கும். பத்தாவது முடிக்கிற வரைக்கும் அந்தக் கடைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். அதையும் சொன்னேன்.

கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். பஸ் படத்தை அவள் அம்மா ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். மெம்ஃபிஸ் இன்னும் பாக்கி. அங்கே வேலைநிறுத்தம் செய்த குப்பை அள்ளும் தொழிலாளர்களுக்காகப் போன இடத்தில்தான் கிங் செத்தார் என்பதை இந்த ஜனவரியில் சொல்ல வேண்டும். தாத்தாவாகிச் சாகவில்லை என்பது வரைக்கும் சொல்லிவிட்டேன்.