தேடினா சிக்கணும் தொண்டாமுத்தூர்!

ஃப்ரெண்ட்ஸ், உங்க மாமா தொண்டாமுத்தூர்ல பாக்கு மட்டைத் தட்டு செய்யறார்னு வெச்சுக்கங்க. ‘கம்ப்யூட்டர்தானே படிக்கறே, ஒரு வெப்சைட் போட்டுக் குடு கண்ணு’ன்னு கேட்கறார். நீங்களும் ராத்திரி முழிச்சு போட்டாச்சு. சென்னையில ஒரு கேட்டரிங்காரர் கூகுள்ல தட்டு தேடறார். மாமா இருக்கறதோ எட்டாவது பக்கம்! ஆர்டர் வேற யாருக்கோ போயாச்சு. தட்டு மேல ஒரு குறையும் இல்லீங்க.

முதல்ல எழுத்தைக் கவனிங்க. பாமினி ஃபான்ட்ல ‘அம்மா’ன்னு அடிச்சா, கம்ப்யூட்டருக்குள்ள பதிவாகறது என்ன தெரியுமா? எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச்! நம்ம கண்ணுக்குத்தான் அம்மா. தேடுபொறிக்கு வெறும் குப்பை. 2000-களின் தொடக்கத்துல பல தமிழ் சைட்கள் இப்படி ஆளுக்கொரு ஃபான்ட்டில் இருந்ததால, தேடினாலும் சிக்காது. யூனிகோட் வந்துதான் இந்தத் தலைவலி தீர்ந்தது. 2010 ஜூன்ல நம்ம கோவையில செம்மொழி மாநாடு நடந்ததே, அந்த வருஷம்தான் தமிழக அரசும் யூனிகோடை அதிகாரபூர்வமா ஏத்துக்கிச்சு.

இன்னிக்கு அதே வியாதி வேற வேஷத்துல வருது. விலைப்பட்டியல், போன் நம்பர், ஊர் பேர் எல்லாத்தையும் கலர்கலரா ஒரே போஸ்டரா ஆக்கி மாட்டிடறாங்க. படத்துக்குள்ள பூட்டி வெச்ச எழுத்தை நம்பாதீங்க பாஸ். எல்லாத்தையும் எழுத்தாவே டைப் பண்ணுங்க. ஊர் பேரைத் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் போடுங்க. கோயமுத்தூர்னு தேடறவங்களும் உண்டு, கோவைன்னு தேடறவங்களும் உண்டு.

அதுக்காக ‘பாக்கு தட்டு, பாக்கு தட்டு’ன்னு நூறு தடவை எழுதினா கூகுள் மயங்காது. மெட்டா கீவேர்டை ரேங்க்குக்குப் பார்க்கறதே இல்லைன்னு 2009-லயே அவங்க சொல்லிட்டாங்க.

பின்னே எதைப் பார்க்குது? நம்ம ஊர்ல சம்பந்தம் பேசறதுக்கு முன்னாடி நாலு பேர்கிட்ட விசாரிப்பாங்கல்ல, அதேதான்! ஸ்டான்ஃபோர்டுல படிச்ச லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998-ல வெளியிட்ட பேஜ்ரேங்க் ஐடியாவோட சாரமே இது. உங்க பக்கத்துக்கு யார் லிங்க் கொடுக்கறாங்க, அவங்களுக்கு எவ்வளவு மரியாதை இருக்குன்னு அது கணக்குப் போடுது. இன்னிக்கு இதோட இன்னும் எத்தனையோ விஷயம் சேர்ந்தாச்சு. ஆனா விசாரிக்கற குணம் போகலை. தட்டு வாங்கின கல்யாண மண்டபத்துக்காரர் தன் சைட்ல ஒரு லிங்க் கொடுத்தா அது தங்கம். காசு கொடுத்து ஆயிரம் லிங்க் வாங்கற வேலை மட்டும் வேண்டாம். அதை அமுக்கத்தான் 2012-ல ‘பெங்குவின்’னு ஒரு மாற்றத்தையே கூகுள் கொண்டு வந்துச்சு.

கடைசியா, கூகுளோட ‘சர்ச் கன்சோல்’ல சைட்டைச் சேர்த்துடுங்க, ஃப்ரீதான். என்ன வார்த்தை தேடி ஆளுங்க வர்றாங்கன்னு அதுல பார்க்கலாம். அந்த லிஸ்ட்டை மாமாகிட்ட காட்டுங்க. அடுத்து எந்த சைஸ் தட்டு அதிகமா போடணும்னு அவரே சொல்லிடுவார்.